அரிசி நெறஞ்சிருக்கு

என் கையெழுத்து கோணலாக இருக்கும். முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்பதில் எனக்கு இன்றுவரை சந்தேகம்தான். ஒற்றெழுத்து விட்டுப்போயிருந்தால் படிக்கிறவர்கள் தாங்களே போட்டுக்கொள்ளவும். எழுத்தில்தான் பிழை இருக்கும். நடந்ததை நடந்தபடியேதான் எழுதியிருக்கிறேன்.

நான் அதிகம் பேசாதவன். நாலு பேர் இருக்கிற இடத்தில் யாராவது என் பேரைக் கேட்டாலே தொண்டை அடைத்துக்கொள்ளும். அதனால் கையால் செய்கிற வேலையாகவே பார்த்துப் பிழைத்தேன். பல வருடமாகப் புதுச்சேரியில் ஒரு தர்ம சபையில் வேலை செய்கிறேன். வசதியில்லாத வயதானவர்கள் பிள்ளைகள் வீட்டிலோ முதியோர் இல்லத்திலோ போய் விழாமல், தங்கள் சொந்த அறையிலேயே தாங்களாக வாழ்ந்துகொள்ள உதவும் சபை அது. பாதி வாடகையை வீட்டுக்காரரிடம் சபையே கட்டிவிடும். மாதம் ஒரு பையில் அரிசி, பருப்பு, எண்ணெய் கொடுக்கும். குளிக்கிற இடத்தில் வழுக்கி விழாமல் பிடித்துக்கொள்ளச் சுவரில் கம்பி போட்டுத் தரும்.

அந்தக் கம்பியைப் போடுகிறவன் நான். பையைக் கொண்டுபோய்க் கொடுக்கிறவனும் நான்தான். கட்டில் தாழ்வாக இருந்தால் காலுக்கடியில் கட்டை வைப்பேன், பல்ப் மாற்றுவேன், குழாய் ஒழுகினால் வாஷர் போடுவேன். முத்தியால்பேட்டையில் என்னைக் கம்பிக்காரர் என்பார்கள்.

செய்கிற காரியம் நல்ல காரியம். அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. கம்பியை முறுக்கி முடித்ததும் என் முழு எடையையும் போட்டுத் தொங்கிப் பார்க்காமல் எந்த வீட்டிலிருந்தும் நான் கிளம்பியதில்லை. முட்டி போன ஒருவர் அதைப் பிடித்துக்கொண்டு யார் தயவும் இல்லாமல் எழுந்து நிற்பதைப் பார்த்தால் அன்றைக்கு எனக்குச் சாப்பாடு நன்றாக இறங்கும். என்னால் சகிக்க முடியாதது அந்தக் காரியத்தைச் செய்கிற பெரிய மனிதர்களைத்தான்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். முத்தியால்பேட்டையில் ஆறு அறைகள் வரிசையாக உள்ள ஒரு வீட்டின் கடைசி அறையில் ஒரு மீன்காரம்மா இருக்கிறார். எழுபது தாண்டியவர். தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் ஏலம் எடுத்த மீனைக் கூடையில் வைத்துத் தலைச்சுமையாகக் கொண்டுவந்து நாற்பது வருடம் தெருத்தெருவாக விற்றவர். இப்போது இரண்டு முட்டியும் போய்விட்டன. கணவர் இறந்துவிட்டார். ஒரே மகளைக் கடலூரில் கட்டிக்கொடுத்திருக்கிறார். அவருடைய குளியலறையில் நான் கம்பி போட்டேன். மறுநாள் அதற்குத் திறப்பு விழா வைத்தார்கள்.

கம்பிக்குத் திறப்பு விழா! அதில் சிவப்பு ரிப்பன் கட்டினார்கள். அந்தக் குளியலறையில் ஒரு ஆளும் ஒரு பக்கெட்டும்தான் நிற்க முடியும். தலைவர், அவர் மனைவி, செயலாளர் அம்மா, பொருளாளர், போட்டோக்காரர் என்று ஐந்து பேர் உள்ளே நெருக்கியடித்துக்கொண்டு நுழைந்தார்கள். தலைவரின் ஒரு கால் பக்கெட்டுக்குள் இருந்தது. கத்திரிக்கோலை யாரும் கொண்டுவரவில்லை. மீன்காரம்மா வெளியிலிருந்து எட்டிப் பார்த்து, "அருவாமனை தரட்டா? மீன் வாசன அடிக்கும், பரவால்லியா?" என்று கேட்டார். ரிப்பனை அருவாமனையில் வைத்துத்தான் அறுத்தார்கள். "யப்பா, எல்லாரும் ஒண்ணா தொங்கிடாதீங்க, எனக்கு வேணும் அது" என்று அவர் சொன்னதற்குச் சிரித்தவன் நான் ஒருவன்தான்.

அந்த போட்டோ சபை அலுவலகச் சுவரில் மாட்டியிருக்கிறது. அதில் நாலு பேர் தெரிகிறார்கள். கம்பி தெரியவில்லை. மீன்காரம்மாவும் இல்லை.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம். நான் எழுத உட்கார்ந்தது அதற்குப் பின் நடந்ததைப் பற்றி.

சபைப் பட்டியலில் இடம் இல்லை என்று ஒரு நாள் செயலாளர் அம்மா சொல்ல ஆரம்பித்தார். வசதி வந்துவிட்டவர்கள் இன்னும் பட்டியலில் உட்கார்ந்திருக்கிறார்களாம். அவர்களைக் கண்டுபிடித்து எடுத்துவிட்டுப் புதிய ஆட்களைச் சேர்க்க வேண்டுமாம். எழுபது வயதில் வாடகை அறையில் இருப்பவருக்கு எங்கிருந்து திடீரென்று வசதி வரும் என்று நான் யோசித்தேன். கேட்கவில்லை. வீடு வீடாகப் போய் ஆய்வு செய்வதென்று முடிவானது. ஆய்வு முடிகிறவரை பைகளும் நிறுத்தப்பட்டன.

ஆய்வுக்கு வந்தவர் தலைவரின் மருமகன். தலைவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். இந்த ஊரில் அவர்களைச் சொல்தா என்போம். வருடத்தில் பாதி பிரான்சிலும் பாதி இங்கேயும் இருப்பார். மருமகன் அங்கேயே பிறந்து வளர்ந்தவர். நாற்பது வயதிருக்கும். தமிழ் பேசுவார். சூடான இட்லியைத் தட்டில் எடுத்து வைப்பதுபோல் ஒவ்வொரு வார்த்தையாகப் பார்த்துப் பார்த்து எடுத்து வைப்பார். கையில் ஒரு டேப், பெரிய செல்போன் மாதிரி. கேள்விகள் அதிலேயே இருக்கும். பதிலுக்கு ஏற்ற கட்டத்தைத் தொட்டால் போதும். பகலில் அவருக்கு வெயில் ஒத்துக்கொள்ளவில்லை. அதனால் சாயங்காலம் போவோம். வழிகாட்ட நான்.

மீன்காரம்மா வீட்டுக்குப் போனது ஒரு வெள்ளிக்கிழமை. மணி ஆறு இருக்கும். வாசலில் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டு, அப்போதுதான் விளக்கேற்றி வைத்திருந்தார். மருமகன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் ஸ்டூலில் உட்கார்ந்தார். நான் வாசற்படியில் நின்றேன்.

"வணக்கம் அம்மா. சபையிலிருந்து வந்திருக்கிறேன்."

"வாங்க சாமி. வெளக்கு வெக்கற நேரத்துல மகாலச்சுமியாட்டம் வந்துருக்கீங்க."

அவர் சிரித்துக்கொண்டே டேப்பைப் பார்த்தார். "உங்கள் வீட்டில் அரிசி இருக்கிறதா?"

மீன்காரம்மா ஒரு தரம் விளக்கைப் பார்த்தார். மூலையில் இருந்த தகர டின்னைப் பார்த்தார். "நெறஞ்சிருக்கு சாமி."

"நிறைந்து இருக்கிறதா?"

"ஆமா சாமி, நெறஞ்சிருக்கு."

"த்ரே பியன்" என்றார் அவர். ரொம்ப நல்லது என்று அர்த்தம். அந்த அளவுக்குப் பிரெஞ்சு இந்த ஊரில் எனக்கும் தெரியும். "பருப்பு?"

"அதுவுந்தான் நெறஞ்சிருக்கு."

"எண்ணெய்?"

"மொதல்ல நெறஞ்சதே அதான்."

"மகள் உங்களைக் கவனிக்கிறாரா?"

"எம் பொண்ணுக்கு இன்னா கொற? என்ன ராணியாட்டம் வெச்சிக்குவா."

ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு கட்டத்தைத் தொட்டார். எல்லாவற்றுக்கும் ஒரு த்ரே பியன்.

நம் வீடுகளில் வளர்ந்த யாருக்கும் நான் இதை விளக்க வேண்டியதில்லை. விளக்கு வைத்த பிறகு, அதுவும் வெள்ளிக்கிழமை, அரிசி இல்லை என்று வீட்டுப் பெண்கள் வாயால் சொல்ல மாட்டார்கள். சொன்னால் அந்த வார்த்தை வீட்டிலேயே தங்கிவிடும் என்பார்கள். அதனால் தீர்ந்துபோனதை நிறைந்திருக்கிறது என்பார்கள். என் அம்மா அப்படித்தான் சொன்னார். என் மனைவியும் அப்படித்தான் சொல்கிறாள். அதைக் காதில் வாங்கியதும் எதுவும் பேசாமல் பையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போவது என் வழக்கம். மீன்காரம்மா மூன்று தரம் நிறைந்திருக்கிறது என்றபோது, பாவம் மூன்றும் தீர்ந்துவிட்டதே என்றுதான் நான் நினைத்துக்கொண்டேன். தமிழ் பேசுகிற மனிதருக்கு அது புரியாது என்று எனக்குத் தோன்றவே இல்லை.

தோன்றவில்லை என்று முழுக்கச் சொல்லித் தப்பிக்கவும் முடியாது. தெருமுனைக்கு வந்ததும் அவர் என்னைப் பார்த்து, "மிகவும் மகிழ்ச்சி. இந்த அம்மாவுக்கு எல்லாம் நிறைவாக இருக்கிறது, இல்லையா?" என்று கேட்டார். அப்போது எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த இடத்தில் நின்று ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். படித்த மனிதரிடம், நீங்கள் தப்பாகப் புரிந்துகொண்டீர்கள் என்று எப்படிச் சொல்வது? "ஆமாங்க" என்று சொன்னேன். சொல்லிவிட்டு வண்டியை ஸ்டார்ட் செய்தேன். அலுவலகத்தில் யாரிடமாவது பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன். பிறகு சொல்லவும் இல்லை. சபைக்காரர்களை நான் எவ்வளவு கேவலமாக நினைக்கிறேனோ, அதில் கொஞ்சமும் குறைக்காமல் அந்த ஆமாங்க சொன்னவனையும் நினைக்கிறேன்.

பத்து நாள் கழித்து ஒரு கடிதத்தை என்னிடமே கொடுத்து, மீன்காரம்மாவிடம் சேர்க்கச் சொன்னார்கள். அவருக்குப் படிக்கத் தெரியாது. வாசற்படியில் உட்கார்ந்து நான்தான் எழுத்துக்கூட்டிப் படித்தேன். தங்கள் இல்லத்தில் உணவுப்பொருட்கள் நிறைந்திருப்பதாகத் தாங்களே தெரிவித்திருப்பதால், அடுத்த மாதம் முதல் வாடகை உதவியும் பொருளுதவியும் நிறுத்தப்படுகின்றன என்று இருந்தது. கடைசி வரியில், தங்களுடைய தன்னிறைவுக்குச் சபையின் வாழ்த்துகள் என்று இருந்தது.

மீன்காரம்மா முதலில் சிரித்தார். இருமல் வருகிற அளவுக்குச் சிரித்தார். "அட கெரகமே! நெறஞ்சிருக்குன்னா நெறஞ்சிருக்குன்னே எழுதிக்கினு போயிட்டானா? பக்கத்துல டின்னு இருக்கு, தொறந்து பாத்தா இன்னா, கையி கொறஞ்சா பூடும்?"

சிரிப்பு நின்றதும், "அப்ப வாடவ?" என்று கேட்டார்.

"பாதி இனிமே வராதாம்மா."

"வூட்டுக்காரன் எப்ப எப்பன்னு காத்துக்கினு இருக்கான். இந்த ரூம அவன் மச்சானுக்குக் குடுக்கணுமாம். ஒரு மாசம் தவறிச்சின்னா பொட்டிய வெளிய வெச்சிடுவான்."

"கடலூருல பொண்ணு..."

"பொண்ணு வூடு இல்ல, அது மருமவன் வூடு. மாட்டுக் கொட்டாயண்ட ஒரு தாவாரம் கெடக்கு. அதுல கட்டலு போடுவாங்க. நான் கக்கூசு போவணும்னா அவ எழுந்திரிக்கணும். அவ எழுந்தா அவன் மொறைப்பான். இங்க நானே எழுந்திருக்கறேன், நானே கழுவறேன், நானே பூட்டறேன். எனக்கு அது போதும்யா. அதத் தவுர நான் இந்த சபையண்ட வேற இன்னா கேட்டேன்?"

என் வீட்டிலிருந்து கொஞ்சம் அரிசி கொண்டுவரட்டுமா என்று கேட்டேன். "ஒம் பொண்டாட்டி அளந்து வெச்சத நீ அள்ளிக்கினு வருவ, அவ என்ன சபிப்பா. போய் வேலயப் பாரு" என்றார். அந்த மாதம் அவர் பக்கத்து அறைக்காரிகளுக்கு மீன் கழுவிக் கொடுத்து, அவர்கள் கொடுத்ததைச் சாப்பிட்டார் என்று பிறகு தெரிந்தது.

அன்று மாலையே செயலாளர் அம்மாவிடம் போய் நின்றேன். வாயைத் திறக்கவே ரொம்ப நேரம் ஆனது. "அம்மா, நெறஞ்சிருக்குன்னு சொன்னது... இல்லன்னு அர்த்தம்ங்க. வெள்ளிக்கெழமை. வெளக்கு வெச்சிட்டாங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்குத் தெரியாதா என்ன? எங்க வீட்லயும் அப்படித்தான் சொல்லுவோம்."

அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஆய்வு அறிக்கையைப் படித்த அன்றைக்கே தெரிந்திருக்கிறது. "ஆனா பாருங்க, ரிப்போர்ட் வந்தாச்சு. தலைவர் கையெழுத்துப் போட்டாச்சு. அந்தம்மா தன் வாயால சொன்னதுதானே? அந்த இடத்துல எங்க வீட்ல வேல செஞ்ச அம்மாவ சேக்கப் போறோம். பாவம், இருபது வருஷம் எங்க வீட்லதான் இருந்தாங்க. கண்ணு சரியா தெரியல இப்ப."

எனக்கு அப்போதுதான் முழுதும் விளங்கியது. இருபது வருடம் தன் வீட்டுப் பாத்திரம் தேய்த்த பெண்ணுக்கு வயதான காலத்தில் தன் கையிலிருந்து கொடுக்க இவருக்கு மனது வரவில்லை. அந்தப் பாரத்தைச் சபையின் தலையில் வைக்க ஒரு காலி இடம் தேவைப்பட்டது. அதற்காக ஒரு ஆய்வு, ஒரு டேப், ஒரு வாழ்த்துக் கடிதம். மருமகனுக்காவது தமிழ் பாதி. இவருக்கு முழுத் தமிழும் தெரியும். தெரிந்துகொண்டே அந்த வார்த்தையைத் தெரியாதவர் மாதிரி எடுத்து வைத்துக்கொண்டார். பாவம் என்ற சொல்லை அவர் வாயில் கேட்டதிலிருந்து எனக்கு அந்தச் சொல்லே பிடிக்காமல் போய்விட்டது.

"வேணும்னா வர்ற வெள்ளிக்கெழம கமிட்டி இருக்கு. ஆறு மணிக்கு அந்தம்மாவே வரட்டும். எல்லார் முன்னாடியும் அரிசி இல்லன்னு சொல்லட்டும். பாக்கலாம்" என்றார்.

நான் போய்ச் சொன்னதும் மீன்காரம்மா, "வெள்ளிக்கெழமையா? எத்தினி மணிக்கு?" என்று கேட்டார்.

"ஆறு மணிக்கு."

"தெரிஞ்சேதான் சொல்லியிருக்கா. கில்லாடி."

"ஒரே ஒரு தடவ சொல்லிடுங்கம்மா. என்னா ஆயிடப் போவுது?"

அவர் என்னைப் பார்த்த பார்வையில் நான் படியை விட்டு இறங்கி நின்றேன். "நாப்பது வருசம் கூட தூக்கனவ நான். கூட காலியா இருந்தப்பகூட எவ வாசல்லயும் மீனு இல்லன்னு சொன்னதில்ல. நாளைக்கி வரும் தாயீன்னுதான் சொல்லிக்கினு வருவேன். இவளுக்காக இப்ப மாத்திப் பேசணுமா? நீ வெள்ளிக்கெழம வண்டி எடுத்துக்கினு வா. மத்தத நான் பாத்துக்கறேன்."

வெள்ளிக்கிழமை போனபோது துவைத்த புடவை கட்டித் தயாராக இருந்தார். டின்னை எடுத்து என்னிடம் கொடுத்து, "கட்டு" என்றார். வண்டியின் முன்பக்கம் டின், பின்னால் மீன்காரம்மா, நடுவில் நான். மார்க்கெட் கூட்டத்தைத் தாண்டும்போது டின் கடகடவென்று சத்தம் போட்டது.

சபையின் அலுவலகம் கடற்கரைப் பக்கம் தலைவர் வீட்டு முன்னறையில் இருக்கிறது. நாங்கள் போனபோது பெரிய மேசையைச் சுற்றி உட்கார்ந்து கேக் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தலைவரின் மனைவி உள்ளே குத்துவிளக்கை ஏற்றிவிட்டு வந்து உட்கார்ந்தார். மீன்காரம்மாவுக்கு யாரும் நாற்காலி காட்டவில்லை. மருமகன் மட்டும் எழுந்து தன்னுடையதைக் கொடுத்தார். மீன்காரம்மா உட்காரவில்லை.

செயலாளர் அம்மா காகிதத்தைப் பார்த்துக்கொண்டே, "சொல்லுங்கம்மா. உங்க வீட்ல அரிசி இருக்கா, இல்லியா? ஒரே வார்த்தைல சொன்னா போதும்" என்றார்.

மீன்காரம்மா உள்ளே எரிந்த விளக்கைப் பார்த்தார். "இதோ இந்த அம்மா வெளக்கேத்தி வெச்சிட்டு வந்து ஒக்காந்திருக்காங்க. நான் இங்க அந்த வார்த்தைய சொன்னா எனக்கு ஒண்ணும் ஆவாது. என்னண்ட ஏற்கனவே நெறஞ்சி கெடக்கு. இந்த வூட்டுக்குத்தான் ஆவாது. சோறு போட்ட வூட்ல நின்னு அத நான் சொல்ல மாட்டேன்." பிறகு என் பக்கம் திரும்பினார். "தம்பி, அத்த இங்க வை."

டின்னைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் மூடியைத் திறந்து, கேக் தட்டுகளுக்கு நடுவே மேசையில் கவிழ்த்து, அடிப்பக்கத்தில் இரண்டு அறை அறைந்தார். காய்ந்த வேப்பிலை ஒரு கொத்தும் செத்த வண்டு இரண்டும் விழுந்தன. ஒரு மணி அரிசிகூட விழவில்லை.

"இதான் நெறஞ்சிருக்கறது. பாத்துக்குங்க."

பொருளாளர் தன் கேக் தட்டைக் கொஞ்சம் நகர்த்திக்கொண்டார். மருமகன் டின்னைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அப்படியென்றால் அன்றைக்கு... நிறைந்தது என்றால்?"

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். "இல்லன்னு அர்த்தம்ங்க. வெள்ளிக்கெழமைல அப்படித்தான் சொல்லுவோம். தெருவுல நீங்க கேட்டப்ப நான் சொல்லியிருக்கணும். ஆமான்னு சொல்லிட்டேன்."

அவர் முகம் சிவந்துவிட்டது. டேப்பை மூடிவைத்துவிட்டு எழுந்து, மீன்காரம்மாவிடம் கைகூப்பி, "பார்தோன் அம்மா. என் தவறு" என்றார். அந்த மேசையில் மன்னிப்புக் கேட்ட ஒரே ஆள் அவர்தான்.

தலைவருக்கு அதற்குள் உற்சாகம் வந்துவிட்டது. "எங்க அம்மாவும் இதேதான் சொல்லுவாங்க! நெறஞ்சிருக்கு! ஆஹா! நம்ம கலாச்சாரத்தப் பாத்தீங்களா? இத பிரான்சுல இருக்கற நம்ம பசங்களுக்கெல்லாம் எடுத்துச் சொல்லணும்" என்று ஆரம்பித்தார். பண்பாடு, தாய்மார்கள், அந்தக் காலம் என்று பேசிக்கொண்டே போனார். செத்த வண்டு அவர் கோப்பைக்குப் பக்கத்திலேயே கிடந்தது. பசியோடு நிற்கிற ஒருவரை எதிரே வைத்துக்கொண்டு, அவர் பசியைச் சொன்ன விதத்தைப் புகழ முடிகிற மனிதரை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

செயலாளர் அம்மா தொண்டையைக் கனைத்தார். "எல்லாம் சரிதான். ஆனா லிஸ்ட்ல இடம் இல்லியே. புதுசா ஒருத்தங்கள எடுத்தாச்சு."

"யாரு? ஒன் வூட்டுப் பாத்திரம் தேச்சவளா?" என்றார் மீன்காரம்மா. இதை அவருக்குச் சொன்னவன் நானே. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். "அவளுக்கு நீதான குடுக்கணும்? இருவது வருசம் ஒனக்குத்தான ஒழைச்சா? நான் தனியா ஒருத்திகிட்ட வேல செய்யல, அவகிட்ட போய்க் கேக்கறதுக்கு. ஊருக்கே மீன் வித்தேன். அதான் ஊர்ப் பணத்துலேருந்து கேக்கறேன்."

தலைவரின் மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். சிரித்தாரா என்று தெரியவில்லை. செயலாளர் அம்மாவின் முகம் காது வரை சிவந்துவிட்டது. தலைவர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "சரி, சரி. ரெண்டு பேரையும் வெச்சிக்கலாம். எழுதிக்குங்க" என்றார்.

அவ்வளவுதான். இல்லவே இல்லை என்று இத்தனை நாளாகச் சொல்லிக்கொண்டிருந்த இடம், ஒருவர் முகம் சிவந்ததும் வந்துவிட்டது. அந்த இடம் முதலிலிருந்தே இருந்திருக்கிறது. ஒரு கிழவியை ஒரு மாதம் பட்டினி போட்டு, கடலூர் மாட்டுக் கொட்டாய்வரை துரத்திப் பார்த்த பிறகுதான் அவர்கள் கண்ணுக்கு அது தெரிந்தது.

நாங்கள் கிளம்பும்போது பொருளாளர் ஓடி வந்தார். "அந்த டின்னோட ஒரு போட்டோ எடுத்துக்கலாமா? ஆண்டு மலர்ல போடலாம்."

"காலி டின்ன எடுத்தா உள்ள இன்னா இருக்குன்னு படத்துல தெரியாது. அரிசிய போட்டுட்டு எடு" என்று சொல்லிவிட்டு மீன்காரம்மா வண்டியில் ஏறி உட்கார்ந்தார்.

வழியெல்லாம் அவர் நன்றாகப் பேசிக்கொண்டு வருவார் என்று எதிர்பார்த்தேன். மார்க்கெட் தாண்டுகிறவரை ஒரு வார்த்தை வரவில்லை. பிறகு பின்னாலிருந்து, "அவன் தெருவுலயே ஒன்னக் கேட்டானா?" என்றார்.

"ஆமாம்மா."

"ஆமான்னு சொன்னியா?"

"ஆமாம்மா."

"வாயில கொழுக்கட்டையா வெச்சிருந்த?"

நான் ஒரு பள்ளத்தைச் சுற்றி வண்டியைத் திருப்பினேன்.

"அவளுக்கு ஆள் சேக்கணும், அதனால தெரியாத மாதிரி இருந்தா. அவனுக்கு நெசமாவே தெரியல. ஒனக்கு இன்னாய்யா? நீ எதுக்கு ஆமான்ன?"

கூச்சமாக இருந்தது என்று சொல்ல நினைத்தேன். ஒருவருடைய வீடு போகிற விஷயத்தில் கூச்சமாக இருந்தது என்பதை எப்படி வாய்விட்டுச் சொல்வது? வண்டியை மெதுவாக ஓட்டினேன்.

அறை வாசலில் இறங்கியதும் இடுப்பிலிருந்து சாவியை எடுத்துத் தானே திறந்தார். டின்னை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். வழக்கமாக, டீ போடட்டா என்று கேட்பார். அன்று கேட்கவில்லை. "நாளைக்கிக் காலைல பைய கொண்டா. எட்டு மணிக்கு மேல வா" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது.

மறுநாள் பையைக் கொண்டுபோய் வைத்தேன். பாதி வாடகையும் வீட்டுக்காரருக்குப் போய்ச் சேர்ந்தது. அவர் மச்சானுக்கு வேறு இடம் பார்த்துக்கொண்டார். மீன்காரம்மா அதே கடைசி அறையில்தான் இருக்கிறார். என்னோடு பழையபடி பேச அவருக்கு மூன்று மாதம் பிடித்தது. அது எனக்கு நியாயமாகத்தான் பட்டது.

சபையின் அந்த வருடத்து மலரில், எங்கள் மக்களின் பண்பாட்டை உணர்ந்து உதவுகிறோம் என்று தலைவர் ஒரு பக்கம் எழுதியிருக்கிறார். நிறைந்திருக்கிறது என்ற சொல்லைப் பற்றியும் அதில் வருகிறது. அதைச் சபையே கண்டுபிடித்த மாதிரி எழுதியிருக்கிறார். செயலாளர் அம்மா அதை எல்லோருக்கும் எடுத்துக் காட்டினார். என்னிடமும் ஒரு பிரதி கொடுத்தார். வேலைப் பையில் ட்ரில்லுக்கு அடியில் விரித்திருக்கிறேன்.

ஆய்வு இப்போதும் வருடம் ஒரு தரம் நடக்கிறது. மருமகன் லீவில் வந்தால் அவர் போகிறார், இல்லாவிட்டால் வேறு யாராவது. வாசற்படியில் நிற்பதை நான் விட்டுவிட்டேன். உள்ளே போய், கேள்வி கேட்பவருக்குப் பக்கத்தில் நிற்கிறேன். போன மாதம் ஒரு வீட்டில் ஒரு பெரியவர் கையை விரித்து, "எல்லாம் ஆண்டவன் புண்ணியத்துல நல்லா இருக்குங்க" என்றார். அடுப்பு மூன்று நாளாக மூட்டப்படாமல் இருந்தது. "இல்லன்னு போடுங்க சார்" என்று சொன்னேன். அந்தப் பெரியவர் என்னை முறைத்தார். கேள்வி கேட்டவரும் முறைத்தார். நான் நகராமல் நின்றேன். அவர் இல்லை என்ற கட்டத்தைத் தொட்டதைப் பார்த்த பிறகுதான் வெளியே வந்தேன்.

ஐப்பசி மாதம் இருபத்திரண்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, எழுதி முடித்தது.